லைட்ட அமத்திருவேன்

கருத்தையா உட்கார மறுத்துவிட்டான். காட்டிய நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். பிடித்த பிடியில் நாற்காலியின் கால்கள் தரையில் தடதடத்தன.

"எனக்கு அந்தப் பொம்பளையோட அட்ரஸ் மட்டும் போதும் மேடம். மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

"மிச்சம்னா?" என்றாள் நாகவல்லி.

"கையை ஒடிப்பேன்."

நாகவல்லி பதினேழு வருஷம் மகளிர் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்தவள். வந்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதக்கூடாது என்று ஒரு மேலதிகாரி சொன்ன நாளில் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். இப்போது காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம். உதவிக்குச் சின்னக்கருப்பு. தனியார் பஸ்ஸில் இருபத்தாறு வருஷம் கண்டக்டர். விசிலை விட்டாரே தவிர வாயை விடவில்லை.

"கையை ஒடிக்கப் போனீகன்னா அடுத்த ஸ்டாப்பிங் ஜெயிலு தம்பி," என்றார் அவர். "அங்குட்டுப் போக டிக்கெட் உண்டு, திரும்பி வர வண்டி கெடையாது."

கருத்தையா சிரிக்கவில்லை. புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் மெஷின் ஓட்டுகிறவன். மகன் உதயாவுக்கு ஆறு வயது. ஆட்டிசம். சொந்தமாகப் பேச்சு வராது. ஆனால் காதில் விழுந்ததை விழுந்தபடியே, அதே ராகத்தில் திருப்பிச் சொல்வான். பசித்தால் பால்காரரின் குரலில் "பாலேய்" என்பான். தூக்கம் வந்தால் டி.வி. விளம்பரத்தின் கடைசி வரியைச் சொல்வான். எட்டு மாதமாக 'மலர்மொழி' என்ற தனியார் பேச்சுப் பயிற்சி மையத்துக்குப் போய் வருகிறான். பெற்றவர்கள் கண்ணாடிக் கதவு வரைதான் போகலாம். அதற்கு அப்பால் அனுமதி இல்லை.

"அம்மா அப்பா உள்ள இருந்தா பிள்ளை கவனம் சிதறிருமாம். சிவபிரகாஷ் சார் சொன்னாரு. படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டோம்." கருத்தையா செல்போனை எடுத்து நீட்டினான். "இதைப் பாருங்க. எம் பொண்டாட்டி சித்ரா எடுத்தது."

திரையில் ஒரு கட்டிலின் அடிப்பக்கம். சுவரோடு ஒட்டி, காதுகளைப் பொத்திக்கொண்டு, முட்டியைக் கட்டியபடி ஒரு பையன். குரல் மட்டும் அவனுடையது. பேச்சு வேறு யாருடையதோ.

"இங்கு...ட்டே கெட. சத்தம் வந்துச்சு, லைட்ட அமத்திருவேன்."

பிறகு மூச்சு விடாமல்: "பீப். பீப். பீப். பீப்."

நாகவல்லி அதை மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள்.

"எப்ப எடுத்தது?"

"பதினெட்டாந் தேதி சாயங்காலம். அன்னிக்குத்தான் மொத மொதல்ல இப்படிச் சொன்னான். அதுலருந்து தெனமும் கட்டிலுக்கு அடியிலதான் கெடக்கான். சார்கிட்டக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரு மேடம். ரோகிணின்னு ஒரு டீச்சர் பிள்ளைகளை மெரட்டியிருக்கா, எனக்கே தெரியாம நடந்திருக்கு, இருபதாந் தேதி வேலையை விட்டு நிப்பாட்டிட்டேன், கோயம்புத்தூருக்கே போயிட்டான்னு சொன்னாரு."

"போலீஸுக்குப் போகலையா?"

"வேணாம், பேரு கெட்டுப் போகும்னாரு."

"யாரு பேரு?"

நாகவல்லி அந்த வீடியோவைத் தன் செல்போனுக்கு அனுப்பிக்கொண்டாள்.

"பையன் இப்ப எங்க?"

"மையத்துலதான். பத்து மணிக்கு விட்டுட்டு நேரா இங்க வாரேன். பன்னண்டரைக்குக் கூப்பிடணும். அதான் அவ போயிட்டாளே, இனி என்ன பயம்?"

அந்த வாக்கியத்தைக் காதில் வாங்கிக்கொண்டு அப்போதே எழுந்து ஓடாமல் இருந்ததற்காக நாகவல்லி பின்னால் தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள்.

ரோகிணியைக் கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. சின்னக்கருப்பு நான்கு கண்டக்டர்களுக்குப் போன் போட்டார்.

"கோயம்புத்தூருப் பக்கத்துப் பொண்ணுப்பா. பிள்ளைகளுக்குப் பேச்சு சொல்லிக் குடுக்கிறது. ஆமா... என்னது? அட!" போனை வைத்துவிட்டு எழுந்தார். "தாயி, அது கோயம்புத்தூருக்கும் போகல, எங்குட்டும் போகல. இங்கன பக்கத்துக் கல்லல் ஊருலதான் இருக்கு. தெனமும் காலையில பஸ்ஸுல ஏறி 'ஏனுங்க, காரைக்குடி போகுங்களா'ன்னு கேக்குமாம். நம்ம பயலுக 'ஏனுங்க பொண்ணு'ன்னே பேரு வச்சிருக்கானுக. இப்பக் கொஞ்ச நாளா வண்டிக்கு வரலையாம், ஆனா ஆளு ஊருலதான் இருக்காம்."

கருத்தையா வாசலை நோக்கி நகர்ந்தான். நாகவல்லி குறுக்கே நின்றாள்.

"நீங்க இங்கயே இருங்க. நான் போன் பண்ற வரைக்கும் அசையக் கூடாது."

கல்லல் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தாறு வயதிருக்கும். தரையெல்லாம் படம் ஒட்டிய அட்டைகள். நாகவல்லி 'மலர்மொழி' என்ற பெயரைச் சொன்னதும் ரோகிணியின் முகம் மாறியது.

"அடிக்க வந்திருக்கீங்களா? வாங்க, உள்ள வந்து அடிங்க."

"ஒரு பையன் சொன்னதைக் கேக்க வந்திருக்கோம்," என்றாள் நாகவல்லி. உள்ளே போய் உட்கார்ந்தாள். கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தாள். "அந்த லைட்ட அமத்தும்மா. கண்ணு கூசுது."

ரோகிணி எழுந்து சுவிட்ச் பலகை அருகே போனாள். தயங்கினாள். "இதுங்களா?" என்று ஒரு பொத்தானை அமுக்கினாள். எரிந்துகொண்டிருந்த குழல்விளக்கோடு இன்னொரு பல்பும் சேர்ந்து எரிந்தது.

சின்னக்கருப்பு வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அணைக்கச் சொன்னா ரெட்டைச் சூரியனைக் காட்டுதே இந்தப் புள்ள!"

"அமுத்தச் சொன்னீங்கன்னு அமுத்துனனுங்க. நிறுத்தோணுமுங்களா?"

நாகவல்லி சிரிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு 'அமத்து' என்றால் அணை. ரோகிணிக்கு அது 'அமுத்து'. குழந்தையை மிரட்டுகிற அவசரத்தில் வாயில் வருவது பிறந்த ஊர்ப் பேச்சாகத்தான் இருக்கும். 'லைட்ட அமத்திருவேன்' என்று இவள் வாயில் வரவே வராது.

"உன்னை எப்ப வேலையை விட்டு நிப்பாட்டுனாக?"

ரோகிணி போனைத் திறந்து ஒரு வாட்ஸப் செய்தியைக் காட்டினாள். நாளை முதல் வரவேண்டாம் என்று ஒரு வரி. சிவபிரகாஷ் அனுப்பியது. தேதி நான்கு.

"நாலா? இருபதுன்னுல்ல சொல்லியிருக்கான்!" என்றார் சின்னக்கருப்பு.

"ஏன் நிப்பாட்டுனாக?"

"மூணு விஷயம் எழுதிக் குடுத்தனுங்க. எல்லா ரூம் கதவுலயும் கண்ணாடி வைக்கோணும், குழந்தைகூட ஒரே ஆளு தனியா இருக்கக் கூடாது, அம்மா அப்பா எப்ப வேணாலும் வந்து பாக்கலாம்னு போர்டு வைக்கோணும்னு. மறுநாளே வெளிய போன்னுட்டார்." அவள் குரல் உயர்ந்தது. "சில குழந்தைகளை அவரே தனியாக் கூட்டிட்டுப் போவாருங்க. திரும்பி வரும்போது டவுசர் நனைஞ்சிருக்கும். எங்க வச்சிருந்தாருன்னு தெரியாது. நாங்க ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு வேலை பாப்போம். குழந்தைங்க உதவி நம்பரு ஆயிரத்துத் தொண்ணூத்தெட்டுக்கு நானே போன் பண்ணினனுங்க. ஆளுங்க வந்து பாத்தாங்க. மூணு ரூம்தான் இருக்கு, எல்லாம் சுத்தமா இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அதுக்கு மேல நான் யாருகிட்டச் சொல்றதுங்க? வேலை போன கோவத்துல பேசறான்னு சொல்லிட்டாங்க."

நாகவல்லி செல்போனில் உதயாவின் குரலை ஓடவிட்டாள். ரோகிணி முதல் வரியிலேயே கண்ணை மூடிக்கொண்டாள். 'பீப், பீப்' என்று வந்ததும் திறந்தாள்.

"அது யூ.பி.எஸ். சத்தமுங்க. கரண்ட் போனா அங்க அப்படித்தான் அடிக்கும். செவுத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருக்கும். எங்கீங்க சார் இருக்குதுன்னு கேட்டா மாடியிலன்னுவாரு. மாடிக்கு நான் போயிருக்கேன். அங்க தண்ணி டேங்க்தானுங்க இருக்குது."

நாகவல்லி எழுந்துவிட்டாள். பதினெட்டாம் தேதி காரைக்குடியில் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் கிடையாது. கீழே ஜெராக்ஸ் கடையைப் பூட்டிவிட்டார்கள். அவளே விசிறியால் வீசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அந்தப் பையன், அந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலேயே, இருட்டில் கிடந்திருக்கிறான். ரோகிணி வெளியேறிப் பதினான்கு நாள் கழித்து.

மிரட்டியவன் எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறான். பையனும் இப்போது அங்கேதான் இருக்கிறான்.

மணி பதினொன்று.

"செருப்பைப் போடும்மா," என்றாள் ரோகிணியிடம். "நீயும் வா."

பழைய ஆல்டோவைச் சின்னக்கருப்பு ஓட்டிய ஓட்டத்தில் ரோகிணி முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாகவல்லி மூன்று போன் செய்தாள். முதலில் ஆயிரத்துத் தொண்ணூற்றெட்டுக்கு. பெயர், வயது, முகவரி, பூட்டி வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம், எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இரண்டாவது, பழைய சிநேகிதி இன்ஸ்பெக்டர் பொன்னுத்தாயிக்கு. "கோர்ட்டுல இருக்கேன்டி. அரை மணியில வாரேன்," என்றாள் அவள். மூன்றாவது கருத்தையாவுக்கு.

"மையத்து வாசலுக்கு வாங்க. நான் கூப்பிடாம உள்ள வரக்கூடாது. நீங்க தேடுன ஆளு ரோகிணி இல்லை."

மறுமுனை உடனே கட்டாகிவிட்டது.

'மலர்மொழி' மையத்து வாசல் பெஞ்சில் நான்கு அம்மாக்கள் காத்திருந்தார்கள். கண்ணாடிக் கதவில் சிரிக்கும் சூரியன். உள்ளே மூன்று கதவுகள். ஒன்றில் முயல், ஒன்றில் மான், ஒன்றில் மயில். எதிர்ச்சுவரில் தலை உயரத்துக்குப் பொம்மைகள் அடுக்கிய அலமாரி.

சிவபிரகாஷ் எழுந்து வந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பஞ்சு மாதிரிக் குரல்.

"வணக்கம் மேடம். புது அட்மிஷனா?"

"உதயாவைப் பாக்கணும்."

"செஷன்ல இருக்கான் மேடம். நடுவுல தொந்தரவு பண்ணினா ஒரு மாச உழைப்பு வீணாயிடும். நீங்க உட்காருங்க, காபி சொல்றேன்."

"எந்த ரூமு?"

"மயில்."

நாகவல்லி மயில் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தையும் இளம் ஆசிரியை ஒருத்தியும் இருந்தார்கள். ஆசிரியை நிமிர்ந்து பார்த்தாள். பார்வை பொம்மை அலமாரிக்கு ஒரு தரம் போய்விட்டு நேராகத் தரைக்கு இறங்கியது. முயலில் ஒரு பையன், உதயா இல்லை. மான் காலி.

"மேடம், இது அத்துமீறல்," என்றான் சிவபிரகாஷ், அதே பஞ்சுக் குரலில். "இங்க மூணு ரூம்தான். அரசாங்கத்துல இருந்து வந்தவங்களே பார்த்துட்டுப் போயிருக்காங்க. உதயா கைகழுவப் போயிருப்பான்."

சின்னக்கருப்பு உள்ளே வரவே இல்லை. வெளியே படிக்குப் பக்கத்தில், மீட்டர் பெட்டியின் மெயின் சுவிட்சில் கை வைத்து நின்றார். நாகவல்லி கண்ணாடி வழியே அவரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

டப்.

மின்விசிறிகள் சுற்றித் தளர்ந்தன. ஏ.சி. பெருமூச்சு விட்டு நின்றது. மூன்று அறைகளிலும் விளக்குகள் போயின. ஒரு நொடி எல்லாமே அமைதியாக இருந்தது.

பீப். பீப். பீப்.

சத்தம் பொம்மை அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அதோடு சேர்ந்து, அதே தாளத்தில், மெல்லிய ஒரு குரலும்.

"பீப். பீப். பீப்."

"எவன்டா மெயினை அமத்துனது?" சிவபிரகாஷ் வாசல் பக்கம் திரும்பிக் கத்தினான். பஞ்சு முழுக்கப் பறந்துபோயிருந்தது. "இங்கு...ட்டு வாடா!"

வாசலில் வந்து நின்றிருந்த கருத்தையா அந்தக் குரலைக் கேட்டான். அந்த இழுப்பைக் கேட்டான். ஒன்பது நாளாகத் தன் மகன் கட்டிலுக்கு அடியில் கிடந்து சொல்லிக்கொண்டிருந்த அதே ராகம். 'அமத்து' என்று இந்த ஊரில் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அந்த இழுப்பு ஒருவனுக்குத்தான் இருந்தது.

நாகவல்லி அலமாரியைப் பிடித்து இழுத்தாள். அடியில் சக்கரங்கள். தரையில் வளைவாகத் தேய்ந்த கோடு. பின்னால் ஓர் ஒற்றைக் கதவு, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். அதைத் தள்ளினாள்.

நான்குக்கு ஐந்து அடி இருக்கும். ஜன்னல் இல்லை. சூடு. மூத்திர வாடை. ஒரு மூலையில் யூ.பி.எஸ்.ஸும் அதன்மேல் ஒரு கறுப்புப் பெட்டியும். இன்னொரு மூலையில் உதயா, காதுகளைப் பொத்திக்கொண்டு.

கருத்தையா பாய்ந்தான். மகனிடம் அல்ல. சிவபிரகாஷின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். ஓங்கிய கையை நாகவல்லி இரண்டு கையாலும் பற்றித் தொங்கினாள்.

"விடுங்க மேடம்!"

"அடிச்சீகன்னா இவன் நோயாளி ஆயிருவான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கட்டுப் போட்டுப் படுத்துக்குவான். நீங்க குற்றவாளி ஆயிருவீக. நான் எழுதிப் பாத்திருக்கேன்யா, பதினேழு வருஷம் எழுதிப் பாத்திருக்கேன்! உங்க கையால இவனுக்குத் தப்பிக்க வழி பண்ணிக் குடுக்காதீக!"

கை மெல்ல இறங்கியது. சிவபிரகாஷ் சட்டையை நீவிக்கொண்டான். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான். பஞ்சுக் குரல் திரும்பி வந்திருந்தது.

"கோபம் புரியுது சார். ஆனா இது நீங்க சம்மதிச்ச சிகிச்சைதான். ஒன்பதாம் பக்கம். அமைதி அறைப் பயிற்சி. கீழ யார் கையெழுத்து?"

கருத்தையா பார்த்தான். பதினான்கு பக்கமும் இங்கிலீஷ். ஒவ்வொன்றின் அடியிலும் தமிழில் அவனுடைய பெயர். சேர்த்த அன்று பேனா கொடுத்து, இங்கே, இங்கே, இங்கே என்று விரலால் காட்டியவன் இதே சிவபிரகாஷ்தான். கருத்தையா தன் பெயரின்மேல் விரலை வைத்தான்.

"நான்தான் போட்டேனா?" என்றான். "நானேதான் போட்டுக் குடுத்தேனா?"

நாகவல்லி ஃபைலைப் பிடுங்கினாள்.

"இந்தக் கையெழுத்தை வச்சு நீ பிள்ளையோட பல்லைக்கூடத் தேய்ச்சுவிட முடியாது," என்றாள் சிவபிரகாஷிடம். "ஆறு வயசுப் பிள்ளையை இருட்டுல பூட்டி வைக்கிறதுக்கு அப்பன் சம்மதிச்சாலும் குத்தம்தான், ஆத்தா சம்மதிச்சாலும் குத்தம்தான். வாய் பேச வராத பிள்ளையாப் பாத்துத்தானே உள்ள தள்ளுன? வெளிய வந்து சொல்லாதுன்னுதானே?"

இதற்குள் ரோகிணி அந்தச் சிறிய கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள். கருத்தையா மகனைத் தூக்கக் குனிந்து வந்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"தூக்காதீங்க. இப்பத் தொட்டா இன்னும் பயந்துக்குவான். கொஞ்சம் தள்ளி உட்காருங்க. அவனே வருவான்."

காலையில் யாருடைய கையை ஒடிப்பேன் என்று நின்றானோ அவள் சொன்னபடி கருத்தையா உட்கார்ந்தான். அசையாமல் உட்கார்ந்தான். கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. நான்கு நிமிடமோ ஐந்து நிமிடமோ கழித்து உதயா ஒரு காலை வெளியே நீட்டினான். பிறகு இன்னொரு காலை. அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு அவன் மடியில் உட்கார்ந்தான்.

சின்னக்கருப்பு மெயினைப் போடாமல் வாசலிலேயே நின்றிருந்தார். துண்டால் முகத்தை மூடியிருந்தார்.

பொன்னுத்தாயி இரண்டு காவலர்களோடும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துப் பெண் ஒருவரோடும் வந்து இறங்கினாள். சிவபிரகாஷ் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தான்.

"ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பையன், அதுவும் அஞ்சு நிமிஷம்தான் மேடம். என் வக்கீல்கிட்டப் பேசிக்கிறேன்."

நாகவல்லி பதில் சொல்லாமல் அந்தச் சிறிய அறைக்குள் குனிந்து போனாள். யூ.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருந்தது. மாடியில் தண்ணீர்த் தொட்டி. வரவேற்பு மேஜையில் கம்ப்யூட்டர் கிடையாது. அப்படியானால் இந்த யூ.பி.எஸ். எதற்காக? அதன்மேல் இருந்த கறுப்புப் பெட்டியில் சின்னப் பச்சை விளக்கு ஒன்று கண்சிமிட்டியது. வெளியே வந்து கூரையைப் பார்த்தாள். மூலையில் கேமரா. நேராகப் பொம்மை அலமாரியைப் பார்த்தபடி.

"இந்தக் கேமரா வேலை செய்யுதா?" என்று பெஞ்சிலிருந்து உள்ளே வந்திருந்த அம்மாக்களிடம் கேட்டாள்.

"சும்மா பேருக்கு மாட்டினதுன்னு சார் சொன்னாரே," என்றாள் ஒருத்தி.

"பேருக்கு மாட்டினதுக்கு யாரும் யூ.பி.எஸ். வாங்க மாட்டாக. திருட்டுப் போயிருமோன்னு இவன் தன் பொருளைக் காவல் காக்க வச்சது. அந்த அலமாரியை எப்பெல்லாம் நகர்த்துனான், யாரை உள்ள விட்டான், எப்ப வெளிய எடுத்தான், எல்லாத்தையும் இவனே பதிஞ்சு வச்சிருக்கான். பொன்னுத்தாயி, மொதல்ல இந்தப் பெட்டியைக் கைப்பத்து. இவன் போனையும் வாங்கு."

சிவபிரகாஷின் புன்னகை அப்போதுதான் போனது. கறுப்புப் பெட்டியை நோக்கி ஓரடி வைத்தான். காவலர் ஒருவர் நடுவில் வந்து நின்றார்.

அம்மாக்களில் ஒருத்தி முன்னால் வந்தாள். பெயர் சாலா. மயில் அறையிலிருந்த பெண் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். அந்தக் குழந்தை எதையும் பார்க்கவில்லை, ஒரு சத்தமும் எழுப்பவில்லை.

"மேடம், அந்தத் தம்பியாச்சும் திருப்பிச் சொல்லுச்சு. எம் மகளுக்கு அதுவும் வராது. இவளை உள்ள வச்சிருந்தானான்னு அந்தப் பெட்டியைப் பாத்தா தெரிஞ்சிருமா?"

பொன்னுத்தாயி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "முப்பது நாள் பதிவு இருக்கும்மா. அதுக்கு முந்தினது தானா அழிஞ்சிரும்."

சாலா மகளை இறுக்கிக்கொண்டாள்.

"முப்பது நாளா?" என்றாள். "இவ இங்க வர ஆரம்பிச்சு ஒரு வருஷமும் ரெண்டு மாசமும் ஆச்சே."

நாகவல்லி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டாள். எதிரே இன்னொன்றைப் போட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"உக்காருங்க தாயி. மொத நாள்ல இருந்து சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் எப்ப அழுதா, எப்பச் சாப்பிடல, எப்பத் துணி நனைஞ்சிருந்துச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க. எம்புட்டு நேரம் ஆனாலும் சரி."